சகாயசெல்வி சொல்லிக்கொடுத்த ஐந்து பதில்கள்

சகாயசெல்விக்கு இடது கைச் சுண்டுவிரல் மடங்காது. டீ தம்ளரைப் பிடித்தாலும் பஸ் கம்பியைப் பிடித்தாலும் அது மட்டும் மற்ற விரல்களோடு சண்டை போட்டதுபோல விலகி நிற்கும். வலது கால் கட்டைவிரலில் நகம் இல்லை. கீழ்வரிசையில் ஒரு பல் கட்டிய பல். இடது தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு எப்போதும் ஒரு கன்றிப்போன நீலம் இருக்கும். அது மஞ்சளாகி மறைவதற்குள் பக்கத்தில் இன்னொன்று வந்துவிடும். அவள் புருஷன் ஜோசப் ஆனந்த், சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் இதைச் சொல்லித்தான் சிரிக்க வைப்பான். "கோயில்ல மோதிரம் மாட்டும்போது எல்லாம் முழுசாத்தான் இருந்திச்சு. நான் எண்ணிப் பாத்துத்தான் கூட்டியாந்தேன்." அவள் விடுவாளா? "ரிட்டர்ன் குடுக்குற தேதி முடிஞ்சுபோச்சு, வாய மூடு" என்பாள்.

முப்பத்திரண்டு வயதில் இத்தனை சேதாரமா என்று யாரும் பதற வேண்டாம். அவள் ஹாக்கி கோல்கீப்பர். பந்து என்று பெயர்தானே தவிர அது கல். மட்டையால் சுழற்றி எறிந்தால் நெடுஞ்சாலையில் போகிற கார் வேகத்தில் வரும். எல்லாரும் அதற்கு விலகி ஓடினால் இவள் மட்டும் அதற்குக் குறுக்கே போய் நிற்பாள். அதற்காகக் காலில் பேட், நெஞ்சில் கவசம், தலையில் ஹெல்மெட் என்று ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டு, வெயிலில் ஒரு மணி நேரம் குனிந்தே இருப்பாள். மேட்ச் முடிந்து பேட்டைக் கழற்றினால் உள்ளே சாக்ஸைப் பிழியலாம்.

ரெட்டியார்பாளையத்தில் வீடு. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. மூடிகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். கோணல், வெடிப்பு, பிசிறு உள்ளதையெல்லாம் பொறுக்கித் தள்ள வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றபடிதான். செல்வி கண்ணுக்கு ஒரு மூடி தப்பாது என்று சூப்பர்வைசரே சொல்வார். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அப்படிப்பட்ட கண் உள்ளவள்தான், அன்றைக்குத் தன் கண்ணால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொன்னாள்.

அவள் ஆடிய கிளப்புக்கு எத்துவால் என்று பெயர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய யாரோ ஒரு சொல்தா, அதாவது சிப்பாய், அந்தக் காலத்தில் ஆரம்பித்தது. நட்சத்திரம் என்று அர்த்தமாம். இப்போது அதில் பெண்கள் அணிதான் மிச்சம். துணிக்கடையில் நிற்கிறவள், நர்சரிப் பள்ளிக்கூட டீச்சர், கம்பெனிக்குப் போகிறவள் என்று எல்லாரும் வேலைக்குப் போகிற பெண்கள். பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருக்கும் செல்வகுமார்தான் கோச். காலை ஐந்தரைக்குப் பயிற்சி, ஏழரைக்கு அவரவர் பிழைப்பு.

அந்த அணியில் ஒரு வழக்கம் இருந்தது. வேறெங்கும் இருக்காது. அதை ஆரம்பித்து வைத்த புண்ணியவதி சகாயசெல்விதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு அரையிறுதியில் ஜெர்லின் என்கிற ஹாஃப் பேக்குக்குத் தலையில் லேசாக முழங்கை பட்டுவிட்டது. தலையில் அடிபட்டால் சும்மா விடமாட்டார்கள். முதலுதவிக்கு வந்திருப்பவர் ஒரு அட்டையை எடுத்து ஐந்து கேள்வி கேட்பார். இது எந்த மைதானம்? இப்போது எத்தனையாவது குவார்ட்டர்? கடைசியாக கோல் போட்டது யார்? போன மேட்ச் யாரோடு ஆடினீர்கள்? அதில் ஜெயித்தீர்களா? ஒன்று தப்பினாலும் மூளை கலங்கியிருக்கிறது என்று வெளியே உட்கார வைத்துவிடுவார்கள். ஜெர்லின் மூன்றாவது கேள்விக்குத் திருதிருவென்று முழித்தாள். அவளுக்கு அடிபடாத நாளிலேயே யார் கோல் போட்டார்கள் என்று தெரியாது. பந்து தன் பக்கம் வந்தால் அடிப்பாள், போய்விட்டால் நகத்தைக் கடிப்பாள். உட்கார வைத்துவிட்டார்கள். அவள் இல்லாத பக்கமாகவே கோல் வாங்கித் தோற்றார்கள்.

செல்விக்கு வயிறு எரிந்தது. சின்ன வயதில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஞானோபதேசம் படித்தவள் அவள். கேள்வி முடிவதற்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் சிஸ்டர் கையில் இருக்கிற ஸ்கேல் பதில் சொல்லும். அதே முறையில் அணிக்குப் பாடம் எடுத்தாள். குவார்ட்டருக்குக் குவார்ட்டர் இடைவேளையில் எல்லாரும் தண்ணீர் குடித்துக்கொண்டே சுற்றி நிற்பார்கள். கோல்கீப்பருக்குத்தான் முழு மைதானமும் தெரியும், ஆகையால் பதிலை அவள் சொல்வாள்; மற்றவர்கள் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். "ரெண்டாவது குவார்ட்டர், சரிதா, கடலூர், மூணுக்கு ஒண்ணு, ஜெயிச்சோம்!" ஹேமலதாவும் ஜெர்லினும் அதற்கு ஜெபமாலை ராகம்கூடப் போட்டுவிட்டார்கள். செல்வகுமார் ஆரம்பத்தில் சிரித்தார், அப்புறம் அவரும் ஒப்பித்தார். அதற்குப் பிறகு தலையில் அடிபட்ட மூன்று பேர் கேள்விகளைத் தாண்டி ஆட்டத்துக்குத் திரும்பினார்கள். அதில் யாருக்கு உண்மையிலேயே தலை சுற்றியது என்று யாரும் கேட்கவில்லை. செல்வியும் கேட்கவில்லை. பெருமையாகத்தான் இருந்தாள்.

ஹேமலதாவுக்கு இருபத்திமூன்று வயது. வைத்திக்குப்பத்துப் பெண். அம்மா வீராயி மீன் விற்கிறவள். அணியில் ஹேமா செய்கிற வேலையைக் கேட்டால் பெற்றவள் யாரும் அனுப்பமாட்டாள். எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தால், கோல் கோட்டுக்குப் பின்னால் ஐந்து பேர் நிற்பார்கள்; ஒருத்தி கோல்கீப்பர். பந்தை உள்ளே தள்ளியதும் அந்த ஐந்தில் ஒருத்தி, பந்தைச் சுழற்றி எறியப் போகிறவளை நோக்கி நேராக ஓட வேண்டும். அவளுக்கு ரஷ்ஷர் என்று பெயர். விலகக் கூடாது, குனியக் கூடாது, கண்ணை மூடக் கூடாது. எறிகிற பந்துக்கும் கோலுக்கும் நடுவில் அவள் உடம்புதான் இருக்கும். முகத்துக்கு ஒரு மாஸ்க், முழங்காலுக்கு ஒரு பேட், அவ்வளவுதான் பாதுகாப்பு. ஹேமா நான்கு வருஷமாக அந்த ஓட்டம் ஓடினாள். "கடல்ல அலை வரும்போது முதுகக் காட்டுனாத்தான்க்கா அடிக்கும்" என்பாள். அவள் ஓடுவதைப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்து, செல்விக்கு அவள் முதுகும் கால்வைப்பும் மனப்பாடம். இடது காலை முதலில் எடுத்து வைப்பாள். எப்போதும் இடது கம்பத்துக்குப் பக்கத்திலிருந்துதான் புறப்படுவாள்.

இறுதி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். எதிரணி கடலூர். செல்வி கோயிலில் பூசை முடிந்து திரும்பியதும் ஹேமா நேராக அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். செல்வி இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வைத்தாள். ஹேமா ஆறு இடியாப்பம் தின்றாள். "ஏய், ஓட முடியாம போயிடப்போற" என்று செல்வி சொல்ல, "ஓடத்தான்க்கா துன்றேன்" என்றாள். அன்றைக்கு அவளுக்கு இரண்டு சந்தோஷம். சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்தின் மகளிர் அணிக்கு ஆள் எடுக்கிறவர் வருகிறார். டிஃபென்ஸுக்கு ஒருத்தியைத் தேடுகிறார், பிடித்துவிட்டால் நிரந்தர வேலை. இரண்டாவது, நான்கு வருஷத்தில் முதல் தடவையாக அம்மா மேட்ச் பார்க்க வருகிறாள். மார்க்கெட்டை விட்டு வர முடியாதவள், வேலை விஷயம் என்றதும் பாதி மீனை விற்றுவிட்டு வந்தாள். மீன் அன்னக்கூடையோடு கேலரியில் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் எழுந்து தள்ளிப் போனார்கள். வீராயி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மகளைப் பார்த்துத் துண்டை ஆட்டினாள். ஹேமாவும் மட்டையைத் தூக்கி ஆட்டினாள்.

முதல் பாதி எத்துவால் பக்கம். இரண்டாவது குவார்ட்டரில் ஹேமாவே பின்னாலிருந்து பந்தைத் தள்ளிக்கொண்டு போய் கோல் போட்டாள். இரண்டுக்கு ஒன்று. வீராயிக்குச் சட்டம் தெரியாவிட்டால் என்ன, எழுந்து நின்று கத்தினாள். வெள்ளைத் தொப்பி போட்ட அந்தச் சென்னைக்காரர் எதையோ குறித்துக்கொண்டார்.

மூன்றாவது குவார்ட்டரில் கடலூருக்கு ஒரு பெனால்டி கார்னர். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு நின்றார்கள். பந்து உள்ளே வந்தது, ஹேமா பாய்ந்தாள், கடலூரின் பதினோராம் நம்பர் சுழற்றி எறிந்தாள். பந்து ஹேமாவின் மட்டை விளிம்பில் பட்டு மேலே தெறித்து, மாஸ்க் மூடாத இடத்தில், இடது காதுக்கு மேலே போய் மோதியது. அந்தச் சத்தம் செல்விக்குக் கேட்டது. மட்டையில் படுகிற சத்தம் இல்லை அது. ஹேமா கைகளை ஊன்றாமல் அப்படியே விழுந்தாள்.

செல்விதான் முதலில் ஓடிப்போனாள். ஹேமாவின் கண் பாதி மூடி, வெள்ளை மட்டும் தெரிந்தது. "ஹேமா! ஏய் ஹேமா!" ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதில் கண் திறந்தாள். நான்கு எண்ணுகிற நேரம் அவள் இந்த உலகத்தில் இல்லை. இதைப் பார்த்தது செல்வி ஒருத்திதான். மற்றவர்கள் இன்னும் வந்து சேரவில்லை.

முதலுதவிக்கு இருந்த நர்ஸ் மேனகா பையோடு ஓடி வந்தாள். மண்டியிட்டு, கழுத்தைத் தொட்டுப் பார்த்து, டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தாள். நிமிர்ந்து செல்வியிடம் கேட்டாள்.

"விழுந்ததும் மயக்கமா இருந்தாங்களா? கண்ணு சொருகிச்சா?"

ஹேமாவின் கை செல்வியின் பேட் பட்டையைப் பிடித்துக்கொண்டது. கேலரியில் வெள்ளைத் தொப்பி எட்டிப் பார்த்தது.

"இல்ல மேடம். உடனே கண்ணத் தொறந்துட்டா."

 சொன்னது சொன்னதுதான்.

மேனகா அட்டையை எடுத்தாள். எந்த மைதானம் என்றாள், பதில் வந்தது. எத்தனையாவது குவார்ட்டர்? "மூணாவது." டக்கென்று வந்தது. கடைசியாக கோல் போட்டது யார்?

"ஹேமலதா."

அது செல்விக்கு உறைத்தது. நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும் அல்லவா? தான் போட்ட கோலை யாரோ போட்டதுபோல யார் சொல்வார்கள்? இடைவேளையில் செல்வி சொல்லிக்கொடுத்தது அப்படியே, அதே ராகத்தில் வருகிறது. மேனகாவுக்கு இவள் பெயர் தெரியாது. அவளுக்கு இவள் சட்டையில் உள்ள ஏழாம் நம்பர். கையில் இருந்த தாளில் கோல் போட்டவள் ஹேமலதா என்றுதான் இருந்தது. சரி என்று குறித்துக்கொண்டாள். போன மேட்ச்? விழுப்புரம். இரண்டுக்கு ஒன்று, ஜெயித்தோம். ஐந்துக்கு ஐந்து.

"தலைவலி, வாந்தி வர மாதிரி எதுனா இருந்தா உடனே சொல்லணும். புரியுதா?" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு மேனகா எழுந்தாள். ஹேமா எழுந்து நின்று குதித்துக் காட்டினாள். கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகு செல்வி பந்தைப் பாதி பார்த்தாள், ஹேமாவைப் பாதி பார்த்தாள். ஹேமா ஓடத்தான் செய்தாள், பந்தை நிறுத்தத்தான் செய்தாள். பழகிய உடம்பு தானாக ஆடியது. ஒருமுறை ஆட்டம் நின்றபோது கோல் பக்கம் வந்தாள்.

"அக்கா, எங்கம்மா வந்துச்சா?"

"அதோ உக்காந்திருக்காங்க பாரு. துண்ட ஆட்டுறாங்க."

"ஆமால்ல" என்று சிரித்துவிட்டுப் போனாள். குவார்ட்டர் முடிந்து எல்லாரும் தண்ணீருக்குக் கூடும்போது மறுபடி வந்து, அதே முகத்தோடு, அதே குரலில் கேட்டாள். "அக்கா, எங்கம்மா வந்துச்சா?"

செல்வி அவளைத் தனியே இழுத்தாள். "ஏய், உண்மையச் சொல்லு. தலை எப்படி இருக்குது?"

"லேசா வலிக்குதுக்கா. லைட்டு கூசுது."

"வெயில்ல எங்கடி லைட்டு?"

ஹேமா அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, சொல்லிடாதக்கா. அந்த சாரு போயிடுவாரு. பதினஞ்சு நிமிஷந்தானே. உன் கால்ல உழுறேன்."

செல்வி செல்வகுமாரைப் பார்த்தாள். அவர் பலகையில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். போய்ச் சொல்ல வேண்டியது பத்தடி தூரம். அவளால் நடக்க முடியவில்லை. நடந்தால் இந்தப் பெண்ணின் வேலை போகும், கோப்பை போகும், தான் சொன்ன பொய்யும் வெளியே வரும். மூன்றில் எது பெரிதாக இருந்தது என்று பிற்பாடு பல நாள் யோசித்தாள். மூன்றாவதுதான் என்று அவளுக்கே தெரியும். அந்த வெட்கம் அவளை விட்டுப் போகவில்லை.

"கீழ மட்டும் உழுந்துடாத" என்றாள். 

மற்றவர்கள் ஒப்பிக்க ஆரம்பித்திருந்தார்கள். நாலாவது குவார்ட்டர், ஹேமலதா, விழுப்புரம். ஹேமாவின் உதடும் அசைந்தது. இந்தத் தடவை செல்வி வாயைத் திறக்கவில்லை.

கடைசி குவார்ட்டர் இழுத்துக்கொண்டே போனது. கடலூர் மேலே ஏறி வந்துகொண்டே இருந்தது. செல்வி இரண்டு பந்தைக் காலால் உதைத்தாள், ஒன்றை விழுந்து தடுத்தாள். ஸ்கோர் போர்டில் ஒரு நிமிஷமும் நாற்பது விநாடியும் இருக்கும்போது அம்பயர் இரண்டு கையையும் கோல் பக்கம் நீட்டினார். கடலூருக்குப் பெனால்டி கார்னர்.

மாஸ்க்குகள் கோலுக்குள் குவியலாகக் கிடக்கும். ஹேமா ஒன்றை எடுத்துத் தலைகீழாக மாட்டினாள்; பக்கத்தில் இருந்த ஜெர்லின் சிரித்துக்கொண்டே திருப்பி மாட்டிவிட்டாள். அப்புறம் ஹேமா போய் நின்றாள். வலது கம்பத்துக்குப் பக்கத்தில்.

நான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அங்கே நின்றதில்லை.

 எதிரே வட்டத்தின் உச்சியில் பதினோராம் நம்பர் தரையைத் தேய்த்துப் பந்துக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் இருபது விநாடியில் அந்தப் பந்து வரும். அதற்கு நேராக இவள் ஓடுவாள், கண்ணை மூடாமல், குனியாமல். கால் பழக்கத்துக்கு ஓடிவிடும். பந்து தலைக்கு வந்தால் நகரத் தெரியாது.

கோல்கீப்பர்களுக்கு ஒரு தந்திரம் உண்டு. நேரம் வேண்டுமென்றால் பேட் பட்டை அவிழ்ந்துவிட்டது என்று கையைத் தூக்குவார்கள். செல்வி கையைத் தூக்கினாள். அம்பயர் சலித்துக்கொண்டே கடிகாரத்தை நிறுத்தினார். குனிந்து பட்டையை நோண்டுகிற சாக்கில் ஹேமாவைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"ஹேமா, காலையில எங்க வூட்ல என்னா சாப்ட்ட?"

மாஸ்க்குக்குள் ஹேமாவின் கண் அவளையே பார்த்தது. நல்ல பிள்ளையாகப் பதில் சொல்ல வேண்டும் என்கிற பார்வை. உதடு இரண்டு தடவை அசைந்தது. பிறகு ஒரே மூச்சில் சொன்னாள்.

"மூணாவது குவார்ட்டர், ஹேமலதா, விழுப்புரம், ரெண்டுக்கு ஒண்ணு, ஜெயிச்சோம்."

மாதாவே, என்று செல்வி வாய்விட்டுச் சொன்னாள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே போட்டாள். அந்த மூட்டையோடு, தொப் தொப்பென்று, அம்பயரை நோக்கி ஓடினாள்.

"நிறுத்துங்க சார்! ஏழாம் நம்பருக்கு ஞாபகம் இல்ல. அவள வெளிய எடுக்கணும்."

"ஏற்கெனவே செக் பண்ணியாச்சேம்மா."

"நான்தான் சார் பதில் சொல்லிக்குடுத்தேன். எல்லாரும் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கோம். மயக்கம் போட்டா சார், நாலு எண்ணுற வரைக்கும். நான் பாத்தேன். நான் பொய் சொன்னேன்."

மைதானமே நின்று பார்த்தது. செல்வகுமார் கோட்டுக்கு வெளியிலிருந்து, "செல்வி, என்ன பண்ற? பைத்தியம் புடிச்சிருக்கா?" என்று கத்தினார். மேனகா பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். வந்தவள் செல்வியை ஒரு பார்வை பார்த்தாள்; திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஹேமா வர மாட்டேன் என்று முரண்டு பிடித்தாள். "எனக்கு ஒண்ணுமில்ல, அக்கா பொய் சொல்லுது!" என்று அழுதாள். நான்கடி நடந்தாள், உட்கார்ந்தாள், வாந்தி எடுத்தாள். ஸ்ட்ரெச்சர் வந்தது. கேலரியிலிருந்து வீராயி ஆட்களைத் தள்ளிக்கொண்டு இறங்கி ஓடி வந்தாள்.

பெனால்டி கார்னர் கொடுத்த பிறகு அது முடிகிற வரை வெளியிலிருந்து ஆள் மாற்ற முடியாது. அதுதான் சட்டம். பத்துப் பேரோடு நின்றார்கள். ஓடுவதற்கு யார் என்று கேட்டபோது ஜெர்லின் நகத்தைக் கடித்துக்கொண்டே, "நான் ஓடுறேன்" என்றாள். ஓடவும் ஓடினாள். சும்மா சொல்லக்கூடாது, நேராகத்தான் ஓடினாள், ஆனால் ஹேமாவின் கால் அவளுக்கு ஏது? அரை அடி பிந்தினாள். பந்து செல்வியின் இடது பக்க மேல் மூலைக்கு வந்தது. பாய்ந்தாள். கிளவுஸ் நுனியில் பட்டது. பட்டு உள்ளே போனது. இரண்டுக்கு இரண்டு. அதன் பிறகு நடந்த ஷூட் அவுட்டில் தோற்றார்கள். அணியில் ஒருத்தியும் செல்வியோடு பேசவில்லை. செல்வகுமார் மட்டும் பையை எடுத்துக்கொண்டு போகும்போது, "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றார். 

கேலரியில் வீராயியின் அன்னக்கூடை தனியாக இருந்தது. உள்ளே ஐஸ் கரைந்து, நான்கைந்து சங்கரா மீன். செல்வி அதைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வாசலில் வீராயியைப் பார்த்ததும் கூடையை வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஞானோபதேசப் பாடம், பொய், எல்லாம். வீராயி கேட்டுக்கொண்டே நின்றாள். "எம்புள்ள பொழச்சி வரட்டும், அப்புறம் உன்ன வெச்சிக்குறேன்" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மண்டையோட்டுக்கு உள்பக்கம் கொஞ்சம் இரத்தம் கசிந்திருந்தது. அறுவை வேண்டியதில்லை, தானாக வற்றிவிடும், ஆனால் ஆறு மாசத்துக்கு மட்டையைத் தொடக் கூடாது, அப்புறமும் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அந்தத் தலையில் இன்னொரு அடி பட்டிருந்தால் என்று ஆரம்பித்தவர், வீராயியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வெள்ளைத் தொப்பிக்காரர் கடலூரிலிருந்து ஒரு டிஃபென்ஸ் பெண்ணை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று ஜெர்லின் போனில் சொன்னாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம்தான் பார்க்க விட்டார்கள். செல்வி கம்பெனியிலிருந்து நேராகப் போனாள். ஹேமா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், முகம் வெளுத்திருந்தது. பக்கத்தில் ஸ்டூலில் வீராயி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். செல்வியைப் பார்த்து எழவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை.

"சனிக்கிழமை பிராக்டிஸ் வரைக்கும் ஞாபகம் இருக்குதுக்கா" என்றாள் ஹேமா. "அதுக்கப்புறம் ஒண்ணியும் இல்ல." போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். "அக்கா, கடைசி மேட்ச் யாரோட?"

"கடலூரோட."

"ஜெயிச்சமா?"

 நான்காவது கேள்வியும் ஐந்தாவது கேள்வியும். அட்டை இல்லாமல், அடிபட்டவளே கேட்கிறாள். இந்தக் கேள்விக்கு எத்தனை தடவை எத்தனை பேருக்கு அவள் பதில் எடுத்துக் கொடுத்திருப்பாள்!

"தோத்துட்டோம்."

"நான் ஓடலயா?"

"ஓட உடல."

"யாரு?"

"நான்தான்டி. உன்ன வெளிய எடுக்கச் சொன்னேன். அதுக்கு முன்ன உனக்கு ஒண்ணும் இல்லன்னு பொய்யும் சொன்னேன். ரெண்டும் நான்தான். வேலையும் போச்சு. எல்லாம் என்னாலதான்." செல்வி அழுதுவிட்டாள். மடங்காத விரலோடு அந்தக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஹேமா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.  பார்வை நேரம் முடிகிறது என்று வார்டு ஆயம்மா குரல் கொடுத்துவிட்டுப் போனாள். செல்வி எழுந்தாள். அப்போது ஹேமா திரும்பாமலே கேட்டாள்.

"எங்கம்மா வந்துச்சா மேட்சுக்கு?"

செல்வி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். இந்தப் பதில் அவளுடையது இல்லை. வீராயி ஆரஞ்சைக் கீழே வைத்தாள்.

"வந்தேன்டி" என்றாள். "பாதி மீன விக்காமயே தூக்கினு வந்தேன். எதுக்க உக்காந்திருந்தேன். நீகூட மட்டையத் தூக்கி ஆட்டுன. நீ கோல் போட்டப்ப நான் கத்துன கத்துல தொண்ட கட்டிப்போச்சு, இப்பக்கூட சரியாவல."

ஹேமா மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"நானா போட்டேன்?"

"நீதான்" என்றாள் வீராயி.